ஜூன் 40-ஆம் தேதி: போஸ்ட்கிரெஸ் அப்கிரேடுக்கு முன் தேதிகளைச் சரிபார்ப்பது எப்படி?

ஜூன் மாதத்தில் 40-ஆம் தேதி உண்டா? போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் 9.6-ஆம் பதிப்பு வரை உண்டு. டெக்ஸ்டைத் தேதியாக மாற்றும் டூ_டேட் ஃபங்ஷனிடம் "2009-06-40" என்று கொடுத்தால், முணுமுணுக்காமல் 2009 ஜூலை 10 என்று திருப்பித் தரும். 30 போக மிச்சம் 10 என்று அதுவே கணக்குப் போட்டுக்கொள்ளும். 2017-இல் வந்த 10-ஆம் பதிப்பிலிருந்து இதற்கு எர்ரர்தான்.

திருத்தம் சரிதான். ஆனால் பழைய கணக்கை நம்பி ஓடிய வேலைகள் என்னாவது? நான் பார்த்த ஒரு பில்லிங் ஸ்கிரிப்டில், கெடு தேதிக்காக நாளோடு 30-ஐக் கூட்டி அப்படியே டூ_டேட்டிடம் தள்ளியிருந்தார்கள். எழுதியவருக்கு அது சாமர்த்தியம். அப்கிரேட் அன்று பில் ஒன்றும் போகவில்லை.

படி 1: கோடில் டூ_டேட் வரும் இடங்களையெல்லாம் தேடி எடுங்கள். வேண்டுமென்றே நாளைத் தாண்டவிட்ட இடம் எது, யாரோ தட்டிய தேதி வரும் இடம் எது என்று பிரியுங்கள். அலுப்பான வேலை, ஆனால் இதைத் தவிர்க்க முடியாது.

படி 2: வேண்டுமென்றே செய்த இடங்களில் பழைய விடையே வரவேண்டும். மேக்_டேட் ஃபங்ஷனால் அந்த மாதத்தின் 1-ஆம் தேதியை உருவாக்கி, நாளில் ஒன்று குறைத்துக் கூட்டுங்கள். ஜூன் 1-உடன் 39 கூட்டினால் ஜூலை 10. அவசரத்தில் 40-ஐக் கூட்டினால் ஒரு நாள் தள்ளிப்போகும், நானும் அப்படி மாட்டியிருக்கிறேன். பில் தேதி ஏற்கெனவே டேட் வகையில் இருந்தால் நேராக 30-ஐக் கூட்டினாலே போதும்.

படி 3: ஆட்கள் தட்டிய தேதிகளை முதலில் டெக்ஸ்டாகவே ஒரு தற்காலிக டேபிளில் ஏற்றுங்கள். 16-ஆம் பதிப்பு முதல் பீஜி_இன்புட்_இஸ்_வேலிட் என்றொரு ஃபங்ஷன் இருக்கிறது. எர்ரர் போட்டு நிற்காமல் சரியா தவறா என்று மட்டும் சொல்லும். தவறானவற்றைத் தனியே எடுத்து, தட்டியவரிடமே கேளுங்கள். ஒன்று, "05/06/2020" இதில் சிக்காது. டேட்ஸ்டைல் அமைப்பைப் பொறுத்து அது மே 6 ஆகவோ ஜூன் 5 ஆகவோ உள்ளே போய்விடும். வருடம்-மாதம்-நாள் என்றே வாங்குங்கள்.

படி 4: ஏற்கெனவே உள்ளே போனவை. ஜூலை 1 என்று இருக்கும் வரிகளில் எது உண்மையான ஜூலை 1, எது பழைய "ஜூன் 31" என்று டேபிளைப் பார்த்துச் சொல்ல முடியாது. தேதிகள் முதலில் வந்த சிஎஸ்வி கோப்போடு (டேபிளில் ஏற்றுவதற்கு முந்தைய டெக்ஸ்ட் கோப்பு) ஒப்பிட்டால்தான் தெரியும். இடம் அடைக்கிறது என்று அந்தக் கோப்புகளை இப்போதே அழித்துவிடாதீர்கள்.