போன் டாக்டரிடம் நாம் செய்யும் தப்புகள்

2020 ஏப்ரல் 1 அன்று மும்பையில் எங்கள் தாராவியில் முதல் கொரோனா நோயாளி. அடுத்த சில நாட்களில் எங்கள் பக்கத்துக் கிளினிக்குகள் பலவும் ஷட்டரை இறக்கிவிட்டன. போனில் வைத்தியம் பார்ப்பதற்கான விதிமுறைகளை மத்திய அரசு அதற்கு ஒரு வாரம் முன், மார்ச் 25-இல்தான் வெளியிட்டிருந்தது. போன் டாக்டர் வந்தார். ஆனால் எங்கள் ஆட்கள் அவரை டாக்டராகவே மதிக்கவில்லை. "தொட்டுப் பாக்காம, ஊசி போடாம, அதென்னல வைத்தியம்?" என்றார் ஆச்சி. ஏப்ரலில் வந்த இ-சஞ்சீவனி, அதாவது மத்திய அரசின் போன் வைத்தியச் சேவை, இலவசம் என்றதும், "ஓசில பாக்குறவன் என்னத்தப் பாப்பான்" என்றார்கள். தனியார் டாக்டர் காசு கேட்டாலோ, "ரெண்டு வார்த்தை பேசுனதுக்கா?" நேரில் வாங்கும் அதே ஃபீஸை போனிலும் வாங்கலாம், ரசீது தரவேண்டும் என்று விதியிலேயே இருக்கிறது.

மதிக்காததால் யாரும் தயாராகப் பேசுவதில்லை. பெரிய தப்பு, போனைப் பேரனிடம் கொடுத்துவிடுவது. ஆச்சிக்கு உடம்பு சரியில்லாதபோது எங்கள் வீட்டிலும் இதுதான் நடந்தது. டாக்டருக்கு இந்தியும் மராத்தியும்தான் தெரியும். ஆச்சி "நாலு படி ஏறுனா மூச்சு வாங்குதுல" என்றார். தம்பி கேமைப் பாதியில் நிறுத்திய எரிச்சலில், "கம்ஜோரி ஹை" என்று முடித்துவிட்டான். மூச்சுத்திணறல் போய்ச் சோர்வு ஆகிவிட்டது. சத்து மாத்திரை வந்தது. மறுநாள் அத்தை தற்செயலாகக் கேட்டுத் திரும்பப் போன் போட்டதால் தப்பித்தோம். மொழிபெயர்க்க ஒருவர் வேண்டும்தான். ஆனால் நோயாளி பக்கத்திலேயே இருக்கட்டும், அவர் சொன்ன வார்த்தை அப்படியே போகட்டும்.

இன்னொன்று, ஒரே அறையில் எட்டுப் பேர் இருக்கும் வீட்டில் ஸ்பீக்கர் போட்டுப் பேசுவது. மருமகன் எதிரே உட்கார்ந்திருக்க, மூத்திர எரிச்சலை எந்தப் பெண் சொல்வாள்? போனோடு மச்சுக்கு ஏறிவிடுங்கள், இல்லை மற்றவர்களை வாசலுக்கு அனுப்புங்கள்.

விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்ஸிஜன் எத்தனை சதவீதம் என்று பார்க்கும் ஆக்ஸிமீட்டர் விஷயத்திலும் அவசரம். நகப்பூச்சு, சில்லிட்ட விரல், ஆட்டிக்கொண்டே இருக்கும் கை, எதுவாக இருந்தாலும் எண் தவறாகக் காட்டும். ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்து, விரலைத் தேய்த்துச் சூடாக்கி, எண் ஓரிடத்தில் நின்றபிறகு படியுங்கள். அப்படியும் 94-க்குக் கீழே என்றாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, பேச்சு குழறினாலோ போன் டாக்டரைத் தேடாதீர்கள், ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

சாப்பிடுகிற சர்க்கரை, பிரஷர் மாத்திரையை "அந்த வெள்ளை மாத்திரை" என்று சொல்வதால் பயனில்லை. அட்டையைக் கேமராவில் காட்டுங்கள். வீடியோவில் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் முகம் இருட்டாகத்தான் தெரியும்.

மருந்துச் சீட்டில் டாக்டரின் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். போதைப்பொருள் சட்டத்தில் வரும் மருந்துகளைப் போனில் எழுதித் தர அவருக்கு அனுமதி கிடையாது, கெஞ்சாதீர்கள். "நேரில் வாங்க" என்று பாதியில் சொன்னால் தட்டிக்கழிக்கிறார் என்று கோபப்படவும் வேண்டாம். அப்படி நிறுத்த அவருக்கும் உரிமை உண்டு, நமக்கும் உண்டு. அன்று அத்தை திரும்பக் கூப்பிட்டபோது அந்த டாக்டரும் இதைத்தான் சொன்னார்: "மாத்திரையை விடுங்க, அம்மாவைக் கூட்டிட்டு வாங்க."