டாம்கேட் மாடல் வாங்குபவர்கள் செய்யும் தவறுகள்

இறக்கையை விரித்து மடக்கும் அமெரிக்கப் போர் விமானமான எஃப்-14 டாம்கேட்டின் டை-காஸ்ட் (உலோக வார்ப்பு) மாடல் வாங்கும் ஆசை வந்தால், முதலில் அலமாரியை அளந்துவிடுங்கள். நிஜ விமானம் 19 மீட்டருக்குச் சற்று மேல் நீளம். அதில் 72-இல் ஒரு பங்கான 1:72 அளவு மாடலே 26 சென்டிமீட்டரைத் தாண்டும். இறக்கையை விரித்தால் அகலம் 27. படத்தைப் பார்த்து உள்ளங்கை அளவு என்று நினைத்து ஆர்டர் போட்டுவிட்டு, கதவு மூடவில்லையே என்று புலம்புபவர்கள் நிறைய.

செகண்ட் ஹேண்டில் வாங்கும்போதுதான் பெரிய கோட்டை விடுகிறோம். கறுப்பு வாலில் மண்டை ஓடு போட்ட 'ஜாலி ரோஜர்ஸ்' மாடலுக்கு எப்போதும் கிராக்கி. அந்தச் சின்னத்தை முதலில் டாம்கேட்டில் பறக்கவிட்டது அமெரிக்கக் கடற்படையின் விஎஃப்-84 பிரிவு. அது 1995-இல் கலைக்கப்பட்டதும் விஎஃப்-103 பிரிவு பெயரையும் சின்னத்தையும் எடுத்துக்கொண்டது. முன்னதிடம் இருந்தது எஃப்-14ஏ, பின்னதிடம் எஃப்-14பி. இரண்டுக்கும் இன்ஜின் வேறு, அதனால் பின்பக்கக் குழாயின் வடிவமும் வேறு. குண்டுகளுக்கு லேசரால் இலக்கைக் காட்டும் லான்டர்ன் கருவி டாம்கேட்டுக்கு வந்ததே 1990-களின் நடுவில்தான். ஆக, விஎஃப்-84 மாடலில் அது தொங்கினால் வேறு பெட்டியிலிருந்து எடுத்து மாட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். விலை பேசும் முன் வால், குழாய், அடிவயிறு மூன்றுக்கும் கிட்டத்தில் எடுத்த படம் கேளுங்கள்.

பெயிண்ட் குமிழியாகப் புடைத்திருக்கிறதா, மயிரிழை விரிசல் ஓடுகிறதா என்றும் பாருங்கள். உடல் துத்தநாகக் கலவை. அதில் ஈயம் கொஞ்சம் கலந்துவிட்டாலே, ஈரக்காற்று பட்டு உலோகம் உள்ளிருந்து உதிரும். பழைய வார்ப்புகளில்தான் இது அதிகம். வந்துவிட்டால் வைத்தியம் கிடையாது.

சரி, பெட்டி வந்துவிட்டது. வாலைப் பிடித்துத் தூக்காதீர்கள். உடல் கனம், சக்கரக் கால்களும் மூக்கு நுனியும் மெல்லிய பிளாஸ்டிக். அடிவயிற்றில் உலோகத்தைத் தாங்கி எடுங்கள். சில மாடல்களில் இரு இறக்கைகளும் உள்ளே பல்சக்கரத்தால் சேர்ந்தே நகரும். ஒன்றை மட்டும் இழுத்தால் பல் உடையும். இன்னொன்று: டாம்கேட் பறக்கும்போது இறக்கை 20 முதல் 68 டிகிரி வரைதான் பின்வாங்கும். 75 டிகிரி என்பது கப்பல் தளத்தில் இடத்தை மிச்சப்படுத்த மடக்கும் நிலை. சக்கரத்தை உள்ளே மடக்கி ஸ்டாண்டில் பறக்கவிட்டு, இறக்கையை மட்டும் அந்த நிலைக்குத் தள்ளி வைப்பதைப் பார்த்தால் எனக்குக் கை துறுதுறுக்கும்.

ஏவுகணை கழன்று விழுகிறது என்று ஃபெவிக்விக் மாதிரிப் பசையை எடுக்கவே கூடாது. அதன் ஆவி காக்பிட் கண்ணாடியில் வெள்ளைப் படலமாகப் படிந்துவிடும். வெள்ளைப் பசை ஒரு துளி போதும். வேண்டாமென்றால் கழற்றவும் வரும்.

தூசிக்கு மேக்கப் பிரஷ். தின்னர், ஸ்பிரிட் பக்கமே போக வேண்டாம். அச்சிட்ட எண்கள் கரைந்துவிடும். வெயில் விழும் ஜன்னலோரமும் ஆகாது. அப்புறம், காலிப் பெட்டியையும் உள்தட்டையும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். பின்னால் விற்க நேர்ந்தால் பெட்டி இல்லாத மாடலை அடிமாட்டு விலைக்குத்தான் கேட்பார்கள்.