சிவ்ரியில் பூநாரை பார்க்க: விடிகாலையை மறந்து திதியைப் பாருங்கள்

பறவை பார்க்க விடியலில் போக வேண்டும் என்று வேடந்தாங்கல் போன நாளிலிருந்தே மனதில் பதிந்திருந்தது. அதே நினைப்பில் ஒரு ஜனவரி மாதம், பௌர்ணமிக்கு மறுநாள் காலை ஏழரைக்கு மும்பையின் சிவ்ரி படகுத்துறையில் நின்றேன். கண்ணுக்கெட்டிய தூரம் வரை சேறு. பூநாரைகள் எங்கோ தொலைவில் இளஞ்சிவப்புக் கோடாகத் தெரிந்தன. எதிரில் சூரியன், முகத்தில் அறையும் குளிர்காற்று. கண்ணில் நீர் வழிய வீடு திரும்பினேன். தவறு நேரத்தில்தான் இருந்தது.

முதல் வேலை: நாள் குறிப்பது

சிவ்ரியில் கடல் நமக்குக் கிழக்கே இருக்கிறது. காலையில் போனால் வெயில் கண்ணில் அடிக்கும். பிற்பகலில் அது முதுகுப் பக்கம் வந்துவிடும். குளிர்காலப் பிற்பகல்களில் காற்றும் பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசும். பறவைகள் காற்றை எதிர்கொண்டு நிற்பவை என்பதால், அவற்றின் முகம் நம் பக்கம் இருக்கும். கடல்நீர் ஏற ஏறத்தான் அவை கரையை நெருங்கும். ஆகவே மாலை நான்கு, நான்கரை வாக்கில் நீர் ஏறி முடியும் நாளாகத் தேடுங்கள்.

இதற்குக் கொங்கண் கரையில் ஒரு பழைய கணக்கு உண்டு. திதி எண்ணை முக்காலால் பெருக்கினால் ஏற்றம் உச்சத்தைத் தொடும் மணி கிடைக்கும். பஞ்சமி என்றால் ஐந்தை முக்காலால் பெருக்க, மூன்றே முக்கால் மணி. சஷ்டி என்றால் நாலரை. வளர்பிறை, தேய்பிறை இரண்டுக்கும் இதே கணக்குதான். நிலவு நாளுக்குச் சுமார் 50 நிமிடம் பிந்துவதால் ஏற்றமும் அப்படியே பிந்துகிறது. அமாவாசை, பௌர்ணமியில் உச்சம் நண்பகலை ஒட்டி வரும். காலை ஆறு மணி சுத்தமான வற்றம். நான் போய் ஏமாந்ததும் அதை ஒட்டிய நேரத்தில்தான். வீட்டில் கிழிக்கிற தமிழ்க் காலண்டரிலேயே திதி இருக்கிறது. அரை மணி முன்பின் இருக்கும் என்பதால், கிளம்பும் முன் ஓத அட்டவணையில் (கடல் ஏற்ற, வற்ற நேரப் பட்டியல்) ஒருமுறை சரிபாருங்கள்.

டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை நல்ல பருவம்.

கருவிகள்

8×42 பைனாகுலர் போதும். கடையில் 10×50 வாங்கச் சொல்வார்கள், வேண்டாம். காற்றில் கை நடுங்கும்போது பத்து மடங்குப் பெருக்கம் நடுக்கத்தையும் பத்து மடங்காக்கும். முன்விளிம்புள்ள தொப்பி அணிந்து, விளிம்பையும் பைனாகுலரையும் சேர்த்துப் பிடியுங்கள். முழங்கையை முழங்காலில் ஊன்றி உட்காருங்கள். படம் கல்போல் நிற்கும். குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் செயலிகளைக் காற்றில் நம்பாதீர்கள்.

போய்ச் சேர

மும்பை புறநகர் ரயிலின் ஹார்பர் லைனில் சிவ்ரி, கிழக்கே இறங்கி டாக்சி. இந்தப் பக்கம் ஆட்டோ கிடையாது. ஞாயிறென்றால் மெகா பிளாக் (பராமரிப்புக்காக ரயில்களை நிறுத்துவது) உண்டா என்று பாருங்கள். நாம் போகிற பகல் நேரத்தில்தான் அது பெரும்பாலும் வரும்.

அங்கே

உச்சத்துக்கு இரண்டரை மணி முன்பே போய் ஓரிடத்தில் உட்காருங்கள். சேற்றில் இறங்க வேண்டாம், கால் புதையும். நீர் ஏற ஏறப் பறவைகளே கரையை நோக்கி நகர்ந்து வரும். ஆளுயரத்துக்கு நெருங்கியது, வெளிறிய உடல், இளஞ்சிவப்பு அலகின் நுனியில் மட்டும் கறுப்பு என்றால் பெரிய பூநாரை. குட்டை, நிறம் அடர்த்தி, அலகு முழுதும் கருஞ்சிவப்பு என்றால் சிறிய பூநாரை. கூட்டத்தில் பெரும்பகுதி சிறியவைதான். தலையைக் கவிழ்த்து, நீரிலுள்ள நுண்பாசியை அலகால் சலித்துத் தின்னும். அந்த உணவிலுள்ள நிறமிதான் சிறகின் சிவப்பு. பின்னால் 2024-இல் திறந்த அடல் சேது கடற்பாலம் நீண்டு கிடக்கும்.

பூநாரையிலேயே நின்றுவிடாதீர்கள். வளைந்த நீள அலகோடு சேற்றைக் குத்தும் கோட்டான் (ஆந்தை அல்ல, கரைப்பறவை), ஓயாமல் ஓடும் சின்ன உள்ளான்கள், அலையாத்தி வேருக்கடியில் துள்ளும் சேற்றுத்தாவி மீன், ஒற்றைக் கொடுக்கை மட்டும் பெரிதாக ஆட்டும் ஆண் நண்டு என்று காலடியிலேயே அரை மணி நேரம் போய்விடும். எனக்கு அந்த நண்டுகள்தான் மிகவும் பிடிக்கும்.

பின்சேர்க்கை: செம்பூரிலிருந்து ஒரு அக்கா, சரியாக உச்ச நேரத்துக்குப் போனதாகவும் ஒரு பூநாரைகூட இல்லை என்றும் எழுதியிருந்தார். நான் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும். சேறு முழுதும் மூழ்கிவிட்டால் அவற்றுக்கு நிற்க இடமில்லை. நவி மும்பை நீர்நிலைகளுக்குப் பறந்துவிடும். உச்சத்துக்கு முந்தைய ஒரு மணி நேரத்தைத் தவறவிடாதீர்கள் அக்கா. அடுத்த சஷ்டிக்கு நானும் வருகிறேன்.