கோதுமையும் பாலும் இல்லாமல் மூன்று மாதம்: ஆட்டிசக் குழந்தைக்கான உணவுச் சோதனை

இந்த உணவுமுறை ஆட்டிசத்தைக் குணமாக்காது. 2016ல் வெளியான ஓர் ஆய்வில், கோதுமையும் பாலும் நிறுத்திய 14 குழந்தைகளுக்கு யாருக்கும் தெரியாமல் அவற்றைத் தின்பண்டத்தில் கலந்து கொடுத்துப் பார்த்தார்கள். நடத்தையிலோ தூக்கத்திலோ வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் தீராத வயிற்றுக் கோளாறு உள்ள குழந்தைக்குச் செலியாக் நோயோ (கோதுமையிலுள்ள குளூட்டன் என்ற புரதத்தால் குடல் பாதிக்கப்படுவது) பால் ஒவ்வாமையோ இருக்கக்கூடும். அதைக் கண்டுபிடித்தால் குழந்தையின் வேதனை உண்மையிலேயே குறையும்.

ஆகவே முதல் வேலை, குழந்தை வழக்கம்போல் சப்பாத்தி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே மருத்துவரிடம் சொல்லி, செலியாக் இருக்கிறதா என்று பார்க்கும் டிடிஜி ஐஜிஏ ரத்தப் பரிசோதனை எடுப்பது. கோதுமையை நிறுத்திவிட்டு எடுத்தால் ரத்தத்தில் எதிர்ப்பொருள் குறைந்துபோய், நோய் இருந்தும் இல்லை என்று வரலாம்.

அடுத்து ஒரு நோட்டு. இரண்டு வாரம் எதையும் மாற்றாமல் தூங்கிய நேரம், மலம், அடம்பிடித்த தடவை மூன்றையும் குறியுங்கள். இந்த மூன்று மாதமும் புதுத் தெரபியோ புது மருந்தோ கூடியவரை வேண்டாம். எதனால் மாற்றம் வந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாமல் போகும். பிறகு பாலை முதலில் நிறுத்துங்கள். மூன்று வாரம் கழித்துக் கோதுமை.

நம் வீட்டில் கோதுமையை விடுவது எளிது. இட்லி, தோசை, இடியாப்பம், புட்டு இருக்கின்றன. மாட்டிவிடுவது மறைந்திருக்கும் குளூட்டன்தான்: ரவை, சேமியா, பார்லி மால்ட் சேர்ந்த ஊட்டச்சத்து பானங்கள் (பார்லியிலும் குளூட்டன் உண்டு), ஓட்ஸ் (கோதுமையோடு கலந்தே வரும்), முக்கியமாகப் பெருங்காயம். கடைப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். அரிசி மாவு கலந்ததாகப் பார்த்து வாங்குங்கள். மாவு மில்லில் கோதுமை அரைத்த மெஷினிலேயே ராகியும் அரைபடும். பெங்களூரில் ராகிக்குத் தனி மெஷின் உள்ள மில்லை விசாரியுங்கள். கிடைக்காவிட்டால் மிக்ஸியில் பொடித்துச் சலித்துக்கொள்ளலாம்.

சப்பாத்திக்குப் பதில் அக்கி ரொட்டி. ஒரு கப் தண்ணீரைத் தளதளவெனக் கொதிக்கவிட்டு, உப்பும் ஒரு ஸ்பூன் எண்ணெயும் சேர்த்து, ஒரு கப் அரிசி மாவைக் கொட்டிக் கிளறி மூடுங்கள். பத்து நிமிடத்தில், சூடாக இருக்கும்போதே பிசையுங்கள். பச்சைத் தண்ணீரில் பிசைந்தால் விரிசல் விடும். கோதுமையின் பசை இல்லாத இடத்தில், வெந்த மாவுதான் பிடிப்பு கொடுக்கிறது.

பால்தான் கஷ்டம், அதிலும் தயிர்சாதம். லாக்டோஸ் நீக்கிய பால், ஏ2 பால், ஆட்டுப்பால் எல்லாவற்றிலும் கேசீன் என்ற பால் புரதம் உண்டு. நெய்யிலும் சிறிது தங்கும்; சோதனை முடியும்வரை நல்லெண்ணெய் போதும். வேர்க்கடலை ஒவ்வாமை இல்லையென்றால் கடலைத் தயிர் செய்யலாம்: ஊறவைத்த ஒரு கப் கடலையை மூன்று கப் தண்ணீரில் அரைத்து, வடிகட்டிக் காய்ச்சி, வெதுவெதுப்பானதும் நாலைந்து பச்சைமிளகாய்க் காம்பைப் போட்டு இரவு முழுக்க வையுங்கள். டிசம்பர் குளிரில் உறைய இன்னும் நேரமாகும். ஐந்தாறு பண்டம் மட்டுமே தொடும் குழந்தைக்குத் தயிரை ஒரேயடியாகப் பறிக்காதீர்கள். ஒரு கப் தயிரில் ஒரு ஸ்பூன் கடலைத் தயிர் என்று தொடங்கி மெல்லக் கூட்டுங்கள். பழைய உணவையும் விட்டு, புதியதையும் தொடாமல் எடை இறங்கினால் சோதனையை நிறுத்திவிட வேண்டும்.

கால்சியக் கணக்கை விட்டுவிடாதீர்கள். நான்கு முதல் ஆறு வயதுக்கு ஒரு நாளைக்கு 550 மில்லிகிராம் தேவை. 400 மில்லி பாலை நிறுத்தினால் சுமார் 480 போய்விடும். 50 கிராம் ராகி 180, 10 கிராம் எள் 120, 25 கிராம் முருங்கைக்கீரை 80 என்று கூட்டினாலும் 380தான். அதிலும் எல்லாம் உடம்பில் சேராது. ராகியை முளைகட்டினால் கொஞ்சம் கூடச் சேரும். தேங்காய்ப்பாலில் கால்சியம் மிகக் குறைவு. மீதிக்கு மருந்தை மருத்துவர் சொல்லட்டும். சைவக் குழந்தையென்றால் பி12, வைட்டமின் டி இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள்.

பெங்களூரின் தர்ஷினிகளில் (நின்றபடி சாப்பிடும் சிற்றுண்டிக் கடைகளில்) ரவா இட்லி, காரா பாத், கேசரி பாத் மூன்றும் ரவை. சாதா தோசையும் ரவா தோசை வார்த்த கல்லில்தான் வரும், வெண்ணெயோடு. வெளியே போகும்போது டப்பா கட்டிக்கொண்டு போவதே நல்லது.

மூன்று மாதம் முடிந்ததும், ஒவ்வாமையோ செலியாக்கோ இல்லையென்று உறுதியாகியிருந்தால், முதலில் பாலை இரண்டு வாரம் திருப்பிக் கொடுங்கள், பிறகு கோதுமையை. நோட்டில் எதுவும் மாறாவிட்டால் தயிர்சாதத்தைத் தட்டில் வைத்துவிடுங்கள்.