ஜாம் பாட்டில் லேபிள்: அச்சடிக்கும் முன்பே ஒட்டிப் பார்க்கலாம்

கிருஷ்ணகிரியில் மாம்பழ சீசன் வந்தால் எனக்கும் வேலை வந்துவிடும். கூழ், ஜாம், ஊறுகாய் என்று யாராவது லேபிள் கேட்டு வந்துகொண்டே இருப்பார்கள். டிசைனை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "நல்லா இருக்கு தம்பி." அதை நம்பாதீர்கள். தட்டையான செவ்வகத்தைப் பார்த்து யாருக்கும் பாட்டில் கண்ணில் தெரியாது. அப்படி நம்பி ஒருமுறை 500 லேபிள் அடித்தேன். ஒட்டிப் பார்த்தால் பெயரின் முதல் எழுத்து இடது பக்கம் வளைந்து மறைந்துவிட்டது, கடைசி எழுத்து வலது பக்கம். தப்பு என்னுடையது, காசும் என்னுடையது.

அதன் பிறகுதான் மாக்கப் பழகினேன். நம் டிசைனை ஒரு பாட்டில் புகைப்படத்தின் மேல் ஒட்டியதுபோல் காட்டுவதுதான் மாக்கப். போட்டோஷாப் தேவையில்லை, பிரவுசர் போதும்.

முதலில் பாட்டிலைச் சுற்றி ஒரு நூல் விட்டு அளவெடுங்கள். குறுக்களவு 7 செ.மீ. என்றால் சுற்றளவு 22 செ.மீ. வரும். எதிரே நிற்பவருக்கு அதில் பாதிதான் தெரியும். ஓரங்கள் வளைந்து சுருங்குவதால், சிரமமில்லாமல் படிக்க முடிவது நடுவில் சுமார் 7 செ.மீ. மட்டுமே. பெயரும் மாம்பழப் படமும் அதற்குள் அடங்க வேண்டும். சைவப் பொருளுக்கான பச்சைப் புள்ளியும் முன்பக்கம், பெயரை ஒட்டியே வரட்டும். சேர்க்கைப் பொருள்கள், பார்கோடு, 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண் எல்லாம் பின்னால் போகலாம்.

300 டிபிஐயில், அதாவது ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில், 22 செ.மீ. அகலம் என்பது கிட்டத்தட்ட 2,600 பிக்சல். அந்த அளவில் டிசைனை முடித்து பிஎன்ஜி படமாகச் சேமியுங்கள். அப்புறம் நடுவில் உள்ள பாதியை மட்டும் வெட்டி இன்னொரு படமாக வையுங்கள். புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். முழு லேபிளையும் மாக்கப்பில் போட்டால், அது மொத்தத்தையும் முன்பக்கத்திலேயே நசுக்கிக் காட்டிவிடும்.

இனி வேலை சுலபம். கேன்வா என்ற டிசைன் தளத்தில் மாக்கப்ஸ் என்று தேடி, உங்கள் பாட்டிலைப் போன்ற ஒன்றை எடுத்து, வெட்டிய படத்தை அதன் மேல் இழுத்து விடுங்கள். பிஎஸ்டி (போட்டோஷாப்) கோப்பாக மாக்கப் கிடைத்தால், பிரவுசரிலேயே ஓடும் போட்டோபியாவில் திறங்கள். வலது பக்க லேயர்களில் (அடுக்குகளில்) ஸ்மார்ட் ஆப்ஜெக்டை, அதாவது நம் டிசைன் உட்காரும் அடுக்கை, இரட்டை கிளிக் செய்தால் தனியாகத் திறக்கும். படத்தை அதில் வைத்து கண்ட்ரோல் எஸ் அழுத்துங்கள், பாட்டிலில் ஏறிவிடும். இலவச மாக்கப் என்றால் வியாபாரத்துக்குப் பயன்படுத்த அனுமதி உண்டா என்று ஒருமுறை படித்துவிடுங்கள்.

இந்தப் படத்தை அனுப்பிப் பாருங்கள், பதில் மாறும். "பேரு இன்னும் பெருசா வேணும் தம்பி, மஞ்சள் மேல வெள்ளை எழுத்து தெரியல" என்று போச்சம்பள்ளி பக்கத்து அக்கா ஒருவர் உடனே சொன்னார். நமக்கு வேண்டியது அந்தத் திருத்தம்தான்.

ஆனால் நிறத்தில் மாக்கப்பை நம்ப வேண்டாம். திரையில் பளிச்சென்று தெரியும் மஞ்சள் அச்சில் கொஞ்சம் மங்கும். அளவையும் அது சொல்லாது. அதற்கு லேபிளை ஏ4 தாளில் பிரிண்ட் எடுத்து, வெட்டி, நிஜ பாட்டிலில் டேப் போட்டு ஒட்டிப் பாருங்கள். தாளின் அகலம் 21 செ.மீ. தான், அதனால் படுக்கைவாக்கில் வையுங்கள். பிரிண்டரில் ‘ஃபிட் டு பேஜ்’ இருந்தால் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் அளவு மாறிவிடும்.