அமெரிக்காவிலிருந்து பிரிட்டனுக்கு வேலை மாற்றலா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

ஜப்பானுக்கோ ஜெர்மனிக்கோ வேலைக்குப் போகும் அமெரிக்கர் எதையும் விசாரித்துவிட்டுத்தான் கிளம்புவார். பிரிட்டன் என்றால் மட்டும் அந்த எச்சரிக்கை குறைந்துவிடுகிறது. பேச்சு புரிகிறது, சட்டதிட்டமும் நம் ஊர் மாதிரிதான் இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பணம் கரைவதும் கெடு தவறுவதும் இந்த நினைப்பால்தான். நியூஜெர்சியிலிருந்தும் டெக்சாஸிலிருந்தும் லண்டனுக்கு மாற்றலாகும் தமிழ்க் குடும்பங்களுக்கும் இது அப்படியே பொருந்தும்.

சம்பளத்தை டாலரில் மாற்றிப் பார்த்துவிட்டு ஒப்புக்கொள்வது

கைக்கு வரும் தொகையைக் கணக்கிடுங்கள். இங்கிலாந்தில் ஆண்டுக்கு 45,000 பவுண்டு சம்பளம் என்றால், வருமான வரியும் நேஷனல் இன்சூரன்ஸ் என்ற சமூகக் காப்பீட்டுப் பிடித்தமும் போக மாதம் சுமார் 2,990 பவுண்டு வரும். பென்ஷன் பிடித்தம் தனி.

அரசு மருத்துவச் சேவைக்காக விசாவோடு கட்டும் ஹெல்த் சர்சார்ஜைப் பலர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. பெரியவருக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டு, 18 வயதுக்குக் கீழே 776 பவுண்டு. விசாக் காலம் முழுவதற்கும் முன்பணமாக ஒரே தடவையில் கட்ட வேண்டும். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், 5 ஆண்டு விசா என்றால் 18,110 பவுண்டு ஆகிறது. நிறுவனம் ஊழியருக்கு மட்டும் கட்டுமா, குடும்பத்துக்கும் சேர்த்தா என்பதை ஆஃபர் லெட்டரிலேயே எழுதி வாங்கிவிடுங்கள். சேர்ந்த பிறகு கேட்டால் கிடைப்பது கடினம்.

வேலையில் சேரும்போது ஸ்டார்ட்டர் செக்லிஸ்ட் படிவத்தை மறக்காமல் நிரப்பிக் கொடுங்கள். இல்லாவிட்டால் 12,570 பவுண்டு வரையிலான வரிவிலக்கு இல்லாமலே சம்பளம் போடுவார்கள். அதிகமாகப் பிடித்தது பின்னால் திரும்பும் என்றாலும், வீட்டுக்கு அட்வான்ஸ் கட்ட வேண்டிய முதல் மாதத்தில் அந்தப் பணம் கையில் இருக்காது.

இனி அமெரிக்காவுக்கு வரி இல்லை என்று நினைப்பது

எல்லாவற்றிலும் அதிக இழப்பைத் தருவது இதுதான். அமெரிக்கக் குடிமக்களும் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களும் எங்கே வசித்தாலும் ஆண்டுதோறும் ஃபார்ம் 1040 என்ற வருமான வரிப் படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர்களுக்குத் தாக்கல் செய்ய ஜூன் 15 வரை கெடு தானாகவே நீளும். ஆனால் பாக்கி வரிக்கு வட்டி ஏப்ரலிலிருந்தே ஓடும். பிரிட்டனில் வரி விகிதம் பெரும்பாலும் அதிகம் என்பதால், அங்கே கட்டிய வரியை ஃபார்ம் 1116 மூலம் கழித்துக்கொள்வதே பலருக்கும் லாபம். மிஞ்சும் கழிவை 10 ஆண்டுகள் வரை முன்னெடுத்துச் செல்லலாம்.

வங்கிக் கணக்குகளுக்குத் தனி அறிக்கை உண்டு. அமெரிக்காவுக்கு வெளியே உள்ள எல்லாக் கணக்குகளையும் கூட்டி, வருடத்தில் ஒரே ஒரு நாள் 10,000 டாலரைத் தாண்டியிருந்தாலும் எஃப்பார் (FBAR) என்ற அந்த அறிக்கையைத் தாக்கல் செய்ய வேண்டும். துணைவரோடு சேர்ந்து வைத்திருக்கும் கணக்கும் இதில் வரும், வெளிநாடுவாழ் இந்தியர் என்ற முறையில் சென்னை வங்கியில் வைத்திருக்கும் என்ஆர்ஓ கணக்கும் வரும். வரி பாக்கி ஒரு டாலர்கூட இல்லாவிட்டாலும், அறிக்கை தராததற்கே அபராதம் ஆயிரக்கணக்கான டாலருக்குப் போகலாம்.

அடுத்தது ஐசா. பிரிட்டனில் ஆண்டுக்கு 20,000 பவுண்டு வரை வரியில்லாமல் சேமிக்கும் கணக்கு இது. ஆபீஸில் எல்லோரும் சிபாரிசு செய்வார்கள். அவர்களுக்கு அது நல்ல யோசனைதான், ஆனால் அமெரிக்க வரித்துறை அந்தச் சலுகையை ஏற்பதில்லை. ரொக்க ஐசா என்றால் வட்டியைக் காட்டிவிட்டால் போதும். பங்கு ஐசாவில் பிரிட்டிஷ் மியூச்சுவல் ஃபண்டோ இடிஎஃப்போ வாங்கினால் பிரச்சினை பெரிது: அமெரிக்கச் சட்டப்படி பொதுவாக ஒவ்வொரு ஃபண்டுக்கும் தனித்தனியாக ஃபார்ம் 8621 வேண்டும், லாபத்துக்குக் கடுமையான விகிதத்தில் வரி. ஆடிட்டர் கட்டணமே ஈட்டிய லாபத்தை விழுங்கிவிடும்.

கிரீன் கார்டோடு போகிறவர்கள், ஒரு வருடத்துக்கு மேல் வெளியே இருப்பதாக இருந்தால், அமெரிக்காவில் இருக்கும்போதே ஃபார்ம் ஐ-131 மூலம், திரும்பி நுழைவதற்கான ரீ-என்ட்ரி பர்மிட்டுக்கு விண்ணப்பித்துவிட வேண்டும்.

லைசன்ஸ் விஷயத்தைத் தள்ளிப்போடுவது

பிரிட்டனில் குடியேறிய நாளிலிருந்து 12 மாதம்தான் அமெரிக்க லைசன்ஸில் ஓட்ட முடியும். அதைக் கொடுத்துவிட்டு பிரிட்டிஷ் லைசன்ஸாக மாற்றிக்கொள்ளவும் முடியாது. எழுத்துத் தேர்வும் சாலைத் தேர்வும் எழுதித்தான் ஆக வேண்டும். சாலைத் தேர்வுக்கு முந்தைய 12 மாதத்தில் பொதுவாக 185 நாள் அங்கே வசித்திருக்க வேண்டும் என்பதால், புதிதாக வந்தவருக்கு உண்மையில் கிடைப்பது ஏறக்குறைய 6 மாதம். தேர்வுத் தேதிக்கு மாதக்கணக்கில் காத்திருக்க நேர்வது சகஜம். வந்ததுமே ப்ரொவிஷனல் லைசன்ஸ் (பழகுநர் உரிமம்) எடுத்து, எழுத்துத் தேர்வை முதல் சில மாதங்களில் முடித்துவிடுங்கள். ஆட்டோமேட்டிக் காரில் பாஸ் செய்தால் கியர் வண்டி ஓட்ட அனுமதி இல்லை.

அடாப்டர் போதும் என்று பழைய சாமான்களைக் கொண்டுபோவது

அடாப்டர் பிளக்கின் வடிவத்தை மட்டுமே மாற்றும். அமெரிக்க மின்சாரம் 120 வோல்ட், பிரிட்டனில் 230. அமெரிக்காவில் வாங்கிய 1,875 வாட் ஹேர் டிரையரை அடாப்டரில் செருகினால், 16 ஆம்பியருக்குக் குறைவாக இழுத்தது சுமார் 30 ஆம்பியர் இழுக்கும். பிரிட்டிஷ் பிளக்குக்குள் இருக்கும் 13 ஆம்பியர் ஃப்யூஸ் போய்விடும், டிரையரே கருகவும் கூடும். இவ்வளவு வாட்டைத் தாங்கும் கன்வர்ட்டர் கனமானது, புது டிரையரைவிட விலையும் அதிகம். சார்ஜரில் 100-240 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால் தைரியமாக எடுத்துப் போங்கள். சூடாக்கும் சாதனங்களையும் மோட்டார் ஓடும் சாதனங்களையும் விற்றுவிட்டுப் போவதே மேல்.

வீடும் கடன் மதிப்பும்

லண்டனில் வாடகையை வாரக் கணக்கிலும் சொல்வார்கள். அதை 4-ஆல் பெருக்காதீர்கள். 52-ஆல் பெருக்கி 12-ஆல் வகுக்க வேண்டும். வாரம் 500 என்றால் மாதம் 2,167 பவுண்டு. உள்ளாட்சிக்குக் கட்டும் கவுன்சில் டாக்ஸை வீட்டுக்காரர் கட்டுவார் என்று நினைத்துவிடாதீர்கள், பொதுவாக அது குடியிருப்பவர் தலையில்தான். பெரியவர் ஒருவர் மட்டும் வசித்தால் 25 சதவீதம் கழிவு உண்டு, ஆனால் கேட்டால்தான் தருவார்கள். இங்கிலாந்தில் ஆண்டு வாடகை 50,000 பவுண்டுக்குக் கீழே இருந்தால் டெபாசிட் 5 வார வாடகையைத் தாண்டக் கூடாது. வாங்கிய 30 நாளுக்குள் அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டத்தில் வீட்டுக்காரர் அதைப் பதிந்திருக்க வேண்டும்.

அமெரிக்க கிரெடிட் ஸ்கோர் கடல் தாண்டி வராது. ஸ்கோர் ஏற வேண்டுமானால் வாக்காளர் பட்டியலில் பெயரைச் சேருங்கள் என்று பிரிட்டனில் எல்லோரும் சொல்வார்கள். இங்கிலாந்தில் அமெரிக்கக் குடிமகனுக்கு அந்த வழி கிடையாது. இந்திய, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர் காமன்வெல்த் குடிமகன் என்பதால் தாராளமாகப் பதியலாம். மற்றவர்கள் மாதக் கட்டண சிம், சிறிய கிரெடிட் கார்டு என்று தொடங்கி, வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கும் டைரக்ட் டெபிட்டில் முழுத் தொகையையும் மாதாமாதம் கட்டிவர வேண்டும்.

மருந்து

தூக்கத்துக்காக அமெரிக்காவில் கடையில் எடுக்கும் மெலடோனின் பிரிட்டனில் டாக்டர் சீட்டுக்குத்தான் கிடைக்கும். ஏடிஹெச்டி என்ற கவனக்குறைவுக் கோளாறுக்குத் தரும் ஆடரால் அங்கே உரிமம் பெற்ற மருந்தே அல்ல. ஒவ்வாமைக்கு எடுக்கும் பெனட்ரில் என்ற அதே பெயரில் வேறு மருந்து விற்கும். பிராண்ட் பெயரை நம்பாமல், மூலப்பெயரும் அளவும் எழுதிய டாக்டர் கடிதத்தோடு போய், தங்குமிடம் அமைந்த முதல் வாரத்திலேயே ஜிபி (குடும்ப டாக்டர்) கிளினிக்கில் பதிந்துகொள்ளுங்கள். கையில் உள்ள மாத்திரை தீர்ந்த பிறகு பதிந்தால், வழக்கமான மருந்துக்கு மாற்று எது என்று டாக்டர் முடிவுசெய்யும்வரை மருந்தில்லாமல் இருக்க நேரிடும்.