செயற்கை இடுப்புக் கிண்ணத்தைச் சுற்றியுள்ள தகைவைக் கணினியில் மாதிரியாக்கும் முறை

இடுப்பு மூட்டு மாற்று அறுவையில் இடுப்பெலும்பின் குழியில் பொருத்தப்படுவதே இந்தக் கிண்ணம்; தகைவு என்பது சுமையால் பொருளுக்குள் ஓர் அலகுப் பரப்பில் எழும் விசை. சிடி ஸ்கேன் படங்களிலிருந்து இடுப்பெலும்பின் முப்பரிமாண வடிவத்தைப் பிரித்தெடுத்து, ஃபைனைட் எலிமென்ட் மென்பொருளில் சிறு கூறுகளாகப் பகுத்துக்கொள்ளுங்கள். எலும்பு முழுவதற்கும் ஒரே விறைப்பைக் கொடுக்கக் கூடாது. வெளிப்புற அடர்எலும்பின் யங் குணகம் (விறைப்பின் அளவு) ஏறத்தாழ 17 கிகாபாஸ்கல், உள்ளிருக்கும் பஞ்செலும்புக்கோ அது மிகக் குறைவு என்பதால், ஸ்கேன் காட்டும் அடர்த்தியைக் கொண்டு ஒவ்வொரு கூறுக்கும் தனித்தனியே மதிப்பளிப்பதே நேர்மையான வழி. டைட்டானியக் கலவைக் கிண்ணத்துக்குச் சுமார் 110 கிகாபாஸ்கல் போதும்.

மிகுந்த கவனம் வேண்டிய இடம், கிண்ணமும் எலும்பும் தொடும் பரப்பு. சிமெண்ட் இல்லாத கிண்ணம் பெரும்பாலும் தன்னைவிட 1 அல்லது 2 மில்லிமீட்டர் குறைந்த விட்டமுள்ள குழியில் இறுக்கி அடிக்கப்படுவதால், நோயாளி ஓர் அடி வைப்பதற்கு முன்பே விளிம்பைச் சுற்றித் தகைவு உருவாகிவிடுகிறது. ஆகவே உராய்வுடன் கூடிய தொடுகையை வரையறுத்து, அந்த இறுக்கத்தை முதற்படியாகவும் நடையின் சுமையை இரண்டாம் படியாகவும் கணக்கிடுங்கள். பரப்புகள் ஒட்டியவை என்று எளிமைப்படுத்தினால், விளிம்பின் உச்சத் தகைவும் கிண்ணத்தின் உச்சிக்கு மேல் எஞ்சும் இடைவெளியும் கணக்கிலிருந்தே மறைந்துவிடும். என் கருத்தில் இதைவிடப் பெரிய பிழை இல்லை.

சாதாரண நடையில் மூட்டின்மீது உடல் எடையின் சுமார் இரண்டரை மடங்கு விசை விழுகிறது. எலும்பை, முதுகெலும்பின் அடியிலுள்ள திருவெலும்பு மூட்டிலும் முன்புறமுள்ள பூப்பெலும்பு இணைப்பிலும் பொருத்தி நிறுத்துங்கள். இறுதியாக, கூறுகளை மேலும் நுணுக்கிப் பார்த்து, தகைவு மதிப்புகள் குறிப்பிடத்தக்க அளவில் மாறவில்லை என்று உறுதிசெய்த பின்னரே முடிவுகளைப் படியுங்கள்.